அஹமது கபீர் வீடு எது?

அத்தியாயம் 9

“எந்த நயினாரு தாயி? இந்த ஊருல தெருவுக்கு ஏழு நயினாரு இருக்காவ!”

குதிரை வண்டிக்காரர் செல்வதுரை கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். காயல்பட்டினம் ஸ்டேஷனில் காலை ரயிலிலிருந்து இறங்கிய ஒரே வெளியூர்ப் பெண் அவள். கையில் ஒரு தோல்பெட்டி, தோளில் ஒரு துணிப்பை. தனியாக வந்து நிற்கிறோமே என்ற பயம் முகத்தில் கொஞ்சமும் இல்லை.

“அஹமது கபீரோட தம்பி நயினார். கொழும்புல மாணிக்கக்கல் வியாபாரம் செஞ்ச அஹமது கபீர். தெரியுமா?”

“அப்படிச் சொல்லும்! அஹமது கபீர் மொதலாளியத் தெரியாமலா? அவுக மவுத்தானதுக்கு இந்தத் தெருவே அழுதுச்சே.”

“அவர் வீட்டுக்கே விடுங்க அண்ணே.”

“கண்ணைக் கட்டிவிட்டாலும் நம்ம குருதை போயிரும். ஏறி உக்காரும்.”

ரஹ்மத்துன்னிஸா ஏறி உட்கார்ந்தாள். கொழும்புக் கோட்டையில் ரயில், தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடியும் ரயில் என்று இரண்டு இரவும் ஒரு பகலும் கழிந்திருந்தன. திருநெல்வேலி வரை ஒரு கடைக்காரக் குடும்பம் துணைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு அவளே துணை.

இருபது வருஷமாக வாப்பா சொல்லிச் சொல்லிக் கேட்ட ஊர் இது. ஆனால் ஊர் பார்க்க அவள் வரவில்லை. வருகிற இருபத்து மூன்றாம் தேதி கொழும்பில் அவளுக்கு நிக்காஹ். வாப்பா இறந்து பத்து மாதமாகிறது. பெண்ணின் சார்பில் நின்று அவளைக் கைப்பிடித்துக் கொடுக்க வாப்பா வழியில் ஓர் ஆண் வேண்டும். அவருக்கு ‘வலீ’ என்று பெயர். அவர் இல்லாமல் நிக்காஹ் எழுத மாட்டேன் என்று பள்ளிவாசல் கத்தீபு சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் வாப்பா இதற்காக இரண்டு முறை தேதியைத் தள்ளி வைத்தார். மூன்றாம் முறை தள்ள மாட்டேன், வேறு இடம் பார்ப்பேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

வாப்பா கொழும்பில் உம்மாவைக் கட்டியது தெரிந்த ஒரே சொந்தம் நயினார் சாச்சா. வாப்பாவின் தம்பி. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். அவருக்குப் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

“நேரே போய் நயினார் முன்னால நில்லு” என்று உம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். “வாப்பாவோட மாமியார் வீட்டுப் பக்கம் மட்டும் போயிடாத. அங்க அவங்களுக்கு நம்மளத் தெரியாது.”

அந்த ‘அவங்க’ வாப்பாவின் முதல் மனைவியும் மகனும்.

வண்டி ஒரு சந்து முனையில் நின்றது. இரண்டு பக்கமும் உயர்ந்த மதில். நடுவில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலம்.

“இதுக்கு மேல நான் வரப்படாது தாயி. இது பொம்பளையாளு நடக்குத முடுக்கு. இடது கைப்பக்கம் மூணாவது கதவு. தட்டாண்டாம், தள்ளுனாலே தொறக்கும்.”

தள்ளினாள். திறந்தது.

ஒரு முற்றம். நடுவில் கிணறு. கிணற்றடியில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி மீன் அலசிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துப்பட்டி. கழுத்தில் நகை இல்லை. நிமிர்ந்து பார்த்த பார்வையில் வீட்டுக்காரியின் கம்பீரம் இருந்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

“வஅலைக்கும் ஸலாம். வா புள்ளை, உள்ள வா. வெயில்ல நிக்காத. யாரு வீட்டுப் புள்ளை?”

“கொழும்புல இருந்து வாரேன். நயினார் சாச்சாவைப் பார்க்கணும். இருக்காங்களா?”

பெண்மணியின் கை மீன் சட்டியில் ஒரு நொடி நின்றது. பிறகு சிரித்தாள்.

“நயினாரா? அவரு எதுக்கு இங்ஙன இரிக்கப் போறாரு? அவரு பொஞ்சாதி வீட்டுல இரிப்பாரு. இந்த ஊருல மாப்பிள்ளையாயிட்டா ஆம்பளைக்கு அதுதானே வீடு!”

ரஹ்மத்துன்னிஸா வந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“இது... அஹமது கபீர் வீடு இல்லையா?”

“அவுஹ வீடுதான். நான் ஹாஜரா பீவி. அவுஹ பொஞ்சாதி.”

காரியம் கெட்டது. கொழும்பில் அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். அண்ணன் வீடு என்றால் அவர் பிறந்த வீடு, அங்கே தம்பி கிடைப்பார் என்று நம்பியிருந்தாள். இங்கே பெண் பிறந்தால் வீடு அவளுக்கு. ஆண் கல்யாணமானதும் பெட்டியோடு மனைவி வீட்டுக்குப் போய்விடுகிறான். வாப்பா இதைச் சொல்லவில்லையா? சொன்னார். எத்தனையோ முறை சொன்னார். வேடிக்கைக் கதை என்று நினைத்துச் சிரித்தாளே தவிர, ஒரு நாள் அதை மறந்து வண்டி ஏறுவோம் என்று நினைக்கவில்லை.

“நீ களைச்சு வந்திரிக்கா. மொதல்ல எதாச்சும் தின்னு. பொறவு ஆளை விட்டு நயினாருக்குச் சொல்லி அனுப்புறேன்.”

பாய் விரித்தாள். இடியப்பமும் தொட்டுக்கொள்ள ஆணமும் வந்தன. தட்டைப் பார்த்ததும் ரஹ்மத்துன்னிஸாவின் கை மடியிலேயே நின்றுவிட்டது.

நீலப் பாலம், நீல மரம், மேலே இரண்டு நீலக் குருவிகள். இதே பீங்கான் கொழும்பு மருதானையில் அவள் வீட்டு அலமாரியில் ஆறு இருக்கின்றன. வாப்பா எது வாங்கினாலும் இரண்டு செட்டாகத்தான் வாங்குவார். இன்னொன்று யாருக்கு என்று சின்ன வயதில் கேட்டதற்கு, “ஊருக்கு” என்பார்.

இப்படியே சாப்பிட்டு, நன்றி சொல்லி, நயினார் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது.

அவள் தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

“நான் யாருன்னு சொல்லாம உங்க சோத்துல கை வைக்க மாட்டேன். நான் அஹமது கபீர் மக. பேரு ரஹ்மத்துன்னிஸா. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். சொல்லிக்காமப் போயிருக்கலாம். எனக்கு அது வராது.”

ஹாஜரா பீவி விசிறிக்கொண்டிருந்த ஓலை விசிறியைப் பாயில் வைத்தாள்.

“நீ உள்ள வந்து நயினாரைச் சாச்சான்னு சொன்னா பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. நயினாருக்கு அண்ணன்னு கூடப்பொறந்த காக்கா ஒருத்தருதான்.”

“தெரிஞ்சுமா இடியப்பம் வச்சீங்க?”

“பசிச்ச மொகம் யாரு மவளா இருந்தா என்ன? வயசு என்ன ஒனக்கு?”

“இருபது.”

ஹாஜரா பீவி விரல் விட்டு எண்ணினாள்.

“கொழும்புல குண்டு போட்டானே சப்பான்காரன், அந்த வருசம். பெருநாளைக்கு வரல. கப்பல் ஓடலைன்னு காயிதம் போட்டாஹ. நான் அவுஹ உசுருக்காக முப்பது நோம்பு நேர்ந்து புடிச்சேன்.” ஒரு பெருமூச்சு. “கப்பல் ஓடலையாம்!”

அவள் கத்துவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று ரஹ்மத்துன்னிஸா காத்திருந்தாள். வந்த கேள்வி வேறு.

“மவுத்தாவும்போது பக்கத்துல யாரு இருந்தா?”

“நான்தான்.”

“சொல்லு.”

“என்னத்த?”

“எல்லாத்தையும். எனக்குத் தந்திதான் வந்துச்சு. நாலு வார்த்தை. நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இத்தா இருந்தேன், அந்த நாலு வார்த்தையவே வச்சுக்கிட்டு.”

ரஹ்மத்துன்னிஸா சொன்னாள். சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து கைகால் கழுவி ஒளு செய்தது. நெஞ்சு கரிக்கிறது என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தது. டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியது. அவள் யாசீன் ஓதியது.

“எதாச்சும் சொன்னாஹளா?”

“தண்ணி கேட்டாங்க. குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, ‘இது பைப்புத் தண்ணியா? கிணத்துத் தண்ணி கொண்டா’ன்னாங்க. எங்க வீட்டுல கிணறே கிடையாது. நெனவு தப்புதுன்னு நெனச்சேன்.”

ஹாஜரா பீவி எழுந்து போனாள். முற்றத்தில் ராட்டினம் கிரீச்சிட்டது. நீண்ட நேரம் அவள் திரும்பவில்லை. வந்தபோது கையில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

“குடி. குடிச்சிட்டுத் தின்னு. தின்னுட்டு நீ எதுக்கு வந்தான்னு சொல்லு.”

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் தெருவில் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. வாசல் பக்கமிருந்து ஒரு கனைப்பு.

“உம்மா! சோறு ஆயிட்டா?”

ஹாமிது. வயது முப்பது. தூத்துக்குடித் துறைமுகத்தில், கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப்போகும் தோணிகளுக்குச் சரக்கு கிளியரிங் வேலை. இரண்டு தெரு தள்ளி மனைவி வீட்டில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைப் பகல் சாப்பாடு மட்டும் உம்மாவிடம். அதை எந்தத் தோணிக்காகவும் விட்டதில்லை.

உள்ளே நுழைந்தவன் புதுப் பெண்ணைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டான். அந்நியப் பெண் இருக்கும் இடத்தில் ஆண் நிற்பது அங்கே வழக்கமில்லை.

“வெருந்தாளி இரிக்காஹன்னு சொல்லக் கூடாதாம்மா?”

“வெளிய வாலே. இவ முன்னால நீ மொகத்தைத் திருப்ப வேண்டியதில்லை.”

திரைக்குப் பின்னால் ஹாமிது கணக்குப் போட்டான். ஒரு பெண்ணின் முன்னால் அவன் முகம் திருப்ப வேண்டாமென்றால் அவள் உம்மாவாக இருக்க வேண்டும். மனைவியாக இருக்க வேண்டும். இல்லையென்றால்...

திரை விலகியது.

“என்ன சொல்லுறிய?”

“ஒன் தங்கச்சி. கொழும்புல இருந்து வந்திரிக்கா.”

ஹாமிது உட்காரவில்லை. ரஹ்மத்துன்னிஸாவை மேலும் கீழும் பார்த்தான்.

“எத்தனை பேரு கிளம்பியிருக்கிய இப்படி?”

“நான் ஒருத்திதான் காக்கா. எண்ணுறதுக்கு ஒரு வெரல் போதும்.”

“யாருக்கு யாரு காக்கா? ஆதாரம் என்ன இரிக்கி?”

பெட்டியிலிருந்து நிக்காஹ் பதிவுத் தாளை எடுத்து நீட்டினாள். ஹாமிது வாய்க்குள்ளேயே படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் குரல் வெளியே வந்தது.

“சாட்சி, நயினாரா! சாச்சாவா?”

“நயினாரேதான்” என்றாள் ஹாஜரா பீவி. “இருவது வருசமா பெருநாளுக்குப் பெருநாள் வந்து எங்கையால கறியும் சோறும் தின்னுட்டுப் போனாரு. தொண்டையில ஒரு முள்ளுகூடக் குத்தல பாரு.”

ஹாமிது தாளை மடித்தான். மடித்ததையே மறுபடி மடித்தான்.

“ரோச் தண்டல் ஒருக்கா சொன்னான்மா. கொழும்புக்குத் தோணி கொண்டு போனவன். ‘ஒங்க வாப்பாவ மருதானையில பாத்தேன், சின்னப் புள்ளை ஒண்ணு கையப் புடிச்சு நடந்துச்சு’ன்னான். சட்டையப் புடிச்சு அடிக்கப் போயிட்டேன். அன்னையிலேருந்து அவன் தோணிக்கு நான் வேலை பாக்குறதில்லை.”

“நல்ல மனுசன், பாவம்” என்றாள் ரஹ்மத்துன்னிஸா. “அந்தப் புள்ளை நான்தான். வாப்பா வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு ஐஸ் பழம் வாங்கித் தருவாங்க.”

“பேசத் தெரிஞ்ச புள்ளைதான். என்ன வேணும் ஒனக்கு?”

“பங்கு கேட்டு வரல. வீடு கேட்டு வரல. இருபத்து மூணாம் தேதி எனக்கு நிக்காஹ். கொழும்புல ஒரு மணி நேரம் எனக்கு ஒரு வலீ வேணும். நயினார் சாச்சாவைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். வழி தப்பி இங்க வந்துட்டேன்.”

“அப்ப அவரையே கூட்டிட்டுப் போ. அவருதானே சாட்சி போட்ட பெரிய மனுசன்!”

ஹாஜரா பீவி சிரித்தேவிட்டாள்.

“ஏலே, ஓதிப் படிச்சவன்தானே நீ? காக்காக்காரன் நீ உசுரோட இரிக்கையில சாச்சா நின்னு குடுத்தா அது நிக்காஹ் ஆவுமா? மதுரசாவுல சின்னப் புள்ளையளுக்கு நான் இருவது வருசம் சொல்லிக் குடுத்த பாடம் இது.”

ரஹ்மத்துன்னிஸா திடுக்கிட்டாள். உம்மா கத்தீபிடம் ஊரில் வாப்பாவுக்கு ஒரு மகன் இருப்பதைச் சொல்லவேயில்லை. அதனால் அவரும் சாச்சா என்றார். நயினார் வந்து நின்றிருந்தால் அந்த நிக்காஹே செல்லாமல் போயிருக்கும். தவறான வீட்டுக்கு வந்ததாக அல்லவா காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்!

“அப்ப எனக்கு வேண்டியது நீங்கதான் காக்கா.”

“நான் வர மாட்டேன்.”

“ஏன்?”

“ஏனா? நாளைக்கு என் மாமியார் வீட்டுல நான் தலை நிமிந்து நடக்க வேண்டாமா? வாப்பாவுக்கு அங்ஙன ஒண்ணு இங்ஙன ஒண்ணு, மவன் மட்டும் என்ன ஒழுங்குன்னு கேக்க மாட்டாங்களா? வாரத்துல ஆறு நாள் தூத்துக்குடியில நான் என்ன செய்றேன்னு கேப்பாங்க!”

“கேக்கட்டும். நல்ல கேள்விதானே” என்றாள் ஹாஜரா பீவி.

“உம்மா!”

“என்ன உம்மா? செஞ்சவரு மவுத்தாயிட்டாரு. மறைச்ச நயினாரு பொஞ்சாதி வீட்டுல சொகமா இரிக்காரு. இந்தப் புள்ளை என்னலே செஞ்சுச்சு? சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி உண்மையச் சொன்ன ஒரே ஆளு ஒங்க வாப்பா வழியில இவதான்.”

“ஒங்களுக்குக் கோவமே வரலியா?”

“வராம என்ன? அவுஹகூடச் சண்டை போடணும்னு அடிவயிறு கொதிக்குது. எங்ஙன போயிச் சண்டை போட? அடக்கின கபுருகூடக் கொழும்புலல்லா இரிக்கி.”

ஹாமிதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாத நேரம் என்று அடக்கிக்கொண்டான். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். ரஹ்மத்துன்னிஸாவின் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

“மாப்பிள்ளை என்ன செய்றாரு?”

“மருதானையில வாத்தியார். கணக்குப் பாடம்.”

“சம்மதிச்சுத்தான் செய்றியா, இல்ல தலையில கட்டுறாங்களா?”

“நானே பார்த்துச் சரின்னு சொன்னது.”

“ம். வாப்பா இருந்து கேக்க வேண்டிய கேள்வி. கேட்டு வச்சேன்.” எழுந்து கை கழுவப் போனான். “பாஸ்போர்ட் என்னட்ட இரிக்கி. விசாவுக்குத் தூத்துக்குடியில ஆளு இரிக்கி. வாரேன், போ. ஒரு மணி நேரம்தானே.”

ரஹ்மத்துன்னிஸாவுக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இருலே” என்றாள் ஹாஜரா பீவி. “அவ்வளவு லேசுல முடியாது. எனக்கும் ஒண்ணு இரிக்கி.”

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“எனக்குப் பொம்பளைப் புள்ளை இல்லை. இந்த வீடு எங்க உம்மா எனக்குத் தந்தது. அவங்களுக்கு அவங்க உம்மா தந்தது. இந்த வாசல்ல மாப்பிள்ளை ஏறி முப்பத்தி ரெண்டு வருசமாச்சு. எனக்குப் பொறவு தங்கச்சி மவ ஒருத்தி பூட்டிப் போட்டு வைக்கப் போறா. வேண்டாம். இவ நிக்காஹ் இந்த வீட்டுல நடக்கணும். மாப்பிள்ளை பெட்டியத் தூக்கிட்டு இங்ஙன வரட்டும். வீட்ட நான் இவ பேருக்கு எழுதுறேன்.”

“உம்மா, ஊரே கை கொட்டிச் சிரிக்கும்!”

“எவ சிரிக்கிறான்னு நானும் பாக்குறேன். சம்மதம்னா இவன் ஒனக்கு வலீயா நிப்பான். இல்லைன்னா எம்மவன எங்ஙனயும் அனுப்ப மாட்டேன். இப்பச் சொல்லாட்டியும் பரவாயில்ல. யோசிச்சு நாளைக்குச் சொல்லு புள்ளை.”

ஹாமிது தங்கையைப் பார்த்தான். உம்மா ஒரு சொல் சொல்லிவிட்டால் அது மாறாது என்று அந்தப் பார்வை எச்சரித்தது.

ரஹ்மத்துன்னிஸா யோசித்தாள். நாளை வரை அல்ல. ஒரு நிமிஷம். மருதானையில் ஒரு வாடகை வீடு, அதில் தையல் மிஷினுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் உம்மா. இருபது வருஷம் ‘ஊருக்கு’ என்று ஒதுக்கி வைத்த இன்னொரு செட்டைத் துடைத்துக் கட்டி அனுப்பியதும் அவள்தான். ஒவ்வொரு வருஷமும் பாதி நாள் வாப்பா இல்லாத வீட்டை ஓட்டியதும் அவள்தான்.

“மாப்பிள்ளை வருவாரா மாட்டாரான்னு நான் கேட்டுக்குறேன். அது என் பாடு” என்றாள். “ஆனா பொண்ணுக்குத்தான் வீடு, பொண்ணோட உம்மாவும் அந்த வீட்டுலதான்னா, எங்க உம்மாவை நான் கொழும்புல விட்டுட்டு வர மாட்டேன். அவங்களும் இங்க வந்து இருப்பாங்க. இந்த வீட்டுல. உங்ககூட. அதுக்கு நீங்க சம்மதமா?”

ஹாமிது வாயிலெடுத்த தண்ணீரை விழுங்க மறந்தான்.

காலையிலிருந்து எந்தக் கேள்விக்கும் பதிலைக் கையிலேயே வைத்திருந்தவள் ஹாஜரா பீவி. இப்போது துப்பட்டியின் முனையை இழுத்துச் சரிசெய்தாள். எழுந்தாள். அடுப்படி வரை போனாள். மீன் கொதிக்கும் சட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

மகளின் பெயரைக் கேட்டாயிற்று. வயதைக் கேட்டாயிற்று. புருஷனின் கடைசி மூச்சு வரை கேட்டாயிற்று. கேட்காமல் ஒதுக்கி வைத்திருந்தது ஒன்றே ஒன்று.

அவள் திரும்பாமலே கேட்டாள்.

“அவ பேரு என்ன?”